கோட்டுக்குள் ஒரு சக்கரம்

தண்ணீர் குல்வெனின் முழங்காலைத் தொட்டபோது இரண்டாவது உத்தரவு வந்தது.

முதல் உத்தரவு வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜெர்மன் டாங்கிகள் பிரான்ஸின் துலோன் துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டன, கப்பலை மூழ்கடி! எஞ்சின் அறையில், பதினோரு வருடமாகத் தன் கையால் கிரீஸ் போட்டு வளர்த்த கடல்நீர் வால்வை முழுசாகத் திறந்துவிட்டான் குல்வென். வேறு எவனும் மூடிவிடக் கூடாதென்று அதன் இரும்புச் சக்கரத்தையும் கழற்றிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டான்.

ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்று இரண்டரை வருடம். அத்தனை நாளும் தினம் பீரங்கி துடைத்ததோடு சரி. எதிரி யாரென்று யாரும் தெளிவாகச் சொன்னதில்லை. ஜெர்மனியோடு ஒத்துப்போன அரசாங்கத்தின் கணக்கில் போன மாதம் வரை இங்கிலீஷ்காரன். இன்றைக்கு?

எஞ்சின் அதிகாரி மொரேல் படியில் தடதடவென்று இறங்கினார். சட்டைப் பொத்தான்கள் மாறிப் போடப்பட்டிருந்தன.

“மூடுடா! போன் வந்திருக்கு. எந்தச் சண்டையும் வேண்டாமாம்.”

“யாரு சார் சொன்னது?”

“மேலிடம்.”

“அப்ப மூழ்கடிக்கச் சொன்னது?”

“அதுவும் மேலிடந்தான்! கேள்வி கேக்குற நேரமாடா, பிரெத்தோன் பட்டிக்காட்டு மண்டையா? சக்கரம் எங்கடா?”

மூடினால் கப்பல் சேதாரமில்லாமல் ஜெர்மன்காரன் கைக்குப் போகும். மூடாவிட்டால் உத்தரவை மீறியவன், சுவரோரம் நிறுத்திச் சுடலாம். எது நிஜ உத்தரவு? போனில் பேசியது யார்?

“தண்ணில விழுந்துருச்சு சார்.”

மொரேலின் பார்வை அவன் கோட்டின் புடைப்பில் வந்து நின்றது. தண்ணீர் இடுப்புக்கு ஏறியிருந்தது.

“நான் கேட்டேன். நீ பதில் சொல்லிட்ட,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “மேல வா.”

கரைக்கு வந்தபோது பொழுது வெளுத்துக்கொண்டிருந்தது. ஆழமில்லாத துறைமுகம், கப்பல் சேற்றில் நேராக உட்கார்ந்துவிட்டது. மேல்தளம் காய்ந்தே கிடந்தது. கொடி ஆடியது. துப்பாக்கியோடு வந்த ஜெர்மன் அதிகாரி அண்ணாந்து பார்த்துக் குழம்பினான்.

“இது மிதக்குதா? முழுகிடுச்சா?”

“இவனைக் கேளுங்க,” என்றார் மொரேல். “இவனோட கப்பல்.”

கோட்டுக்குள் குல்வெனின் விரல்கள் சக்கரத்தை இடமாகத் திருப்பின. பிறகு வலமாக. எந்தப் பக்கம் திறக்கும், எந்தப் பக்கம் மூடும் என்று அந்தக் கைக்கு மறந்துபோயிருந்தது.