நீளத்தில் தேய்ந்த ரஸ்தா

சுண்ணாம்புக் காளவாய் ரஸ்தா 1911-ம் வருஷம் தேய ஆரம்பித்தது. ஆழத்தில் தேயவில்லை, நீளத்தில் தேய்ந்தது. தை மாசம் ஒரு மைல் இருந்த ரஸ்தா சித்திரையில் அரை மைல் ஆயிற்று. அந்த வருஷம் அரிசி விலை ஏறவில்லை. மழை போதுமான அளவு பெய்தது. வேறு விசேஷம் இல்லை.

பெங்களூர் அப்போது ஓர் ஊர் அல்ல, இரண்டு. மேற்கே பேட்டை, அது மகாராஜாவுடையது. கிழக்கே தண்டு, அது வெள்ளைக்காரர்களுடையது. இரண்டுக்கும் தனித்தனி முனிசிபாலிட்டி, தனித்தனி போலீஸ், தனித்தனி கோர்ட்டு, தனித்தனி கௌரவம். கொசு மட்டும் பொது. சுண்ணாம்புக் காளவாய் ரஸ்தா பேட்டையில் ஒக்கலிபுரத்து ஓரமாகத் தொடங்கி, தண்டில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் முடிந்தது. நடுவில் ஓர் எல்லைக்கல். கல்லுக்கு இந்தப் பக்கம் ரஸ்தா ஒருவருடையது, அந்தப் பக்கம் இன்னொருவருடையது. வண்டி மாடுகளுக்கு இது தெரியாது.

அந்த வருஷம் தண்டுக்காரர்கள் தங்கள் பெரிய வீதியைத் தோண்டிப் புதிதாகப் போடத் தொடங்கினார்கள். கடல் கடந்து ஒரு பெரிய துரை வரப்போகிறார், அவருடைய வண்டி குலுங்கக் கூடாது என்று ஏற்பாடு. துரை ரயிலில் வந்து, ஸ்டேஷனிலேயே சாப்பிட்டு, ரயிலிலேயே போனார் என்பது பிற்பாடு நடந்தது. வீதி தோண்டிக் கிடந்ததால் அதில் போய்க்கொண்டிருந்த கல் வண்டி, வைக்கோல் வண்டி, ஜட்கா, பட்டாளத்துப் பாரக்குகளுக்குப் போகும் தண்ணீர் வண்டி எல்லாம் காளவாய் ரஸ்தாவுக்குத் திருப்பிவிடப்பட்டன. மற்ற ரஸ்தாவாக இருந்தால் குழி விழுந்திருக்கும். இந்த ரஸ்தா கண்ணாடிபோல் கிடந்தது. ஒவ்வொரு சக்கரமும் கொஞ்சம் நீளத்தை எடுத்துக்கொண்டு போயிற்று, அவ்வளவுதான். முதலில் காலி மைதானங்கள் குறைந்தன. பிறகு யூகலிப்டஸ் மரங்கள் ஒன்றையொன்று நெருங்கித் தோளில் தோள் இடித்து நின்றன. வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த ஒன்றுமில்லாத இடம்தான் போயிற்று. ஒன்றுமில்லாதது காணாமல் போனதால் யாரும் புகார் செய்யவில்லை. வண்டிக்காரர்கள் சீக்கிரம் வந்துவிடுவதாகச் சந்தோஷப்பட்டார்கள்.

பவுலினுக்கு அந்த ஒன்றுமில்லாத இடம் தேவைப்பட்டது.

அவள் தண்டு முனையில், கொய்யா மரம் நிற்கும் ஓட்டு வீட்டில் இருந்தாள். பாரக்குகளுக்குக் கொசுவலை தைப்பது ஜீவனம். அவள் கணவர் ஓஸ்வால்ட் பேட்டை முனையில் இருந்தார், ரயில்வே பார்சல் ஆபீசில் உத்தியோகம். வந்த பொருளைப் பூட்டி வைத்துக் கேட்கும்போது திறப்பது அவர் வேலை. கல்யாணமான மறுவாரமே வீட்டிலும் அதே முறையைக் கொண்டுவந்தார். காலையில் போகும்போது பவுலினை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவார், மாலையில் வந்து திறப்பார். திருட்டுப் பயம் என்று சொன்னார். திருடன் வந்தால் கத்துவதற்கு ஜன்னல் இருந்தது. ஆறு வருஷம் அப்படி நடந்தது. ஏழாம் வருஷம் ஒரு நாள் அவர் பூட்ட மறந்தார். பவுலின் தையல் மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு ரஸ்தாவில் நடந்து தண்டுக்கு வந்துவிட்டாள். வழி நெடுக ஜெபமாலை சொன்னாள். ஐம்பத்துமூன்று மணி முடியவும் மாதா கோயில் வரவும் சரியாக இருந்தது. பங்குச் சாமியார் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். கோயில் சட்டத்தில் பிரிப்பதற்கு இடமில்லை, ஆனால் தூரமாக இருப்பதற்குத் தடையில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

ஓஸ்வால்ட் பேட்டைக் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார். மனைவி கணவனோடு வந்து குடித்தனம் செய்ய வேண்டியது என்று உத்தரவாயிற்று. உத்தரவை எடுத்துக்கொண்டு அதை நிறைவேற்றும் கோர்ட்டு அமீனா திங்கட்கிழமைதோறும் புறப்பட்டு வருவார். எல்லைக்கல்வரை வந்து, அதற்குமேல் வேறு கோர்ட்டின் காற்று வீசுவதால் நின்று, உரக்க ஒரு முறை படித்துவிட்டு, வெற்றிலை துப்பிவிட்டுத் திரும்புவார். அமீனாவுக்கு இது உடம்புக்கு நல்லதாக இருந்தது. பவுலினுக்கும் தொந்தரவில்லை. அரை மைலுக்கு அப்பால் படிப்பது காதில் விழாது.

சித்திரையில் ஒரு காலை அவள் கொய்யா மரத்தடியில் வலையை உதறிக்கொண்டிருந்தபோது ஓஸ்வால்ட் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஒரு மைல் தூரத்துக்கு வரக்கூடிய சத்தம் அல்ல அது. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு ரஸ்தாவில் இறங்கினாள். இரண்டு பத்து மணிகூட முடியவில்லை, எல்லைக்கல் வந்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு பத்து மணி. அதற்கடுத்த வாரம் ஒரே மணிக்கு உரிய பிரியதத்த மந்திரம் சொல்லி ஆமென் போடுவதற்குள் கல் எதிரே நின்றது. சாமான் ஏற்றிய வண்டிகள் தண்டுப் பக்கத்திலிருந்து புறப்பட்டதால் அந்தப் பக்கம்தான் அதிகம் தேய்ந்தது. அமீனா இப்போது அவள் வேலிக்கு அருகில் நின்று படித்தார். படித்த களைப்புக்குத் தண்ணீர் கேட்டார். பவுலின் கொடுத்தாள். "நல்ல தண்ணிம்மா," என்றார். "இன்னும் கொஞ்சம் தேயட்டும். நானே உள்ள வந்து மொண்டுக்கறேன்."

இதற்குள் இரண்டு முனிசிபாலிட்டிகளும் பேச்சுவார்த்தை தொடங்கியிருந்தன. பேட்டைக்கு ரஸ்தா ஓவர்சியர் சீனிவாசராகவன், தலைப்பாகை. தண்டுக்கு சர்வேயர் டென்சில், தொப்பி. இருவரும் தமிழர்கள், ஆனதால் சண்டை சரளமாக நடந்தது. பவுலின் வீட்டு வாசலில்தான் முதல் கூட்டம், ரஸ்தாவில் வேறு இடம் பாக்கியில்லை.

"குழி எங்க சார்?" என்றான் டென்சில்.

"குழி இல்லை. ரஸ்தாவே இல்லை," என்றார் சீனிவாசராகவன்.

"இல்லாத ரஸ்தாவ எப்படி சார் ரிப்பேர் பண்றது?"

"உம்ம வண்டிகளைக் கேளும். தேய்ச்சுண்டு போனது அதுகள்தானே."

"வண்டி உங்க பேட்டைக்குத்தான சார் வந்துச்சு. வந்த விருந்தாளிய கணக்குக் கேப்பாங்களா?"

"விருந்தாளி வாசப்படியைச் சாப்பிட்டா கேப்பா."

நஷ்ட ஈடு கிடைக்கும் என்று நினைத்திருந்தவரையில் தேய்ந்த பாகம் எங்களுடையதே என்று இரண்டு பேரும் சாதித்தார்கள். பழைய வரைபடங்கள் வந்தன. காளவாய்க்காரனின் கொள்ளுத்தாத்தா சாட்சியத்துக்கு இழுக்கப்பட்டார், அவர் இறந்து நாளாகியிருந்தும். அப்போது மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. தேய்ந்த பாகம் யாருக்குச் சொந்தமோ அவர்களே அதைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவர வேண்டியது. மறுநாள் கூட்டத்தில் இருவரும் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். உங்களுடையதுதான் என்றார் ஓவர்சியர். ஐயோ, உங்களுடையதுதான் என்றான் சர்வேயர். இரண்டு நகரங்களின் சரித்திரத்தில் அவ்வளவு பெருந்தன்மை அதற்கு முன்னால் காணப்படவில்லை.

டென்சில் வாலிபன், செயல்வீரன். வெள்ளிக்கிழமை ஆட்களோடு வந்து எல்லைக்கல்லைப் பெயர்த்துப் பவுலின் வீட்டுக்குக் கிழக்கே நட்டான். தேய்ந்த ரஸ்தாவும் அதன்மேல் இருந்த வீடும் கொய்யா மரமும் பேட்டைக்குப் போயின. பவுலின் மகாராஜாவின் பிரஜை ஆனாள். ஊசியைக் குத்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"என்ன தம்பி இது? நான் தண்டுக்காரி."

"நேத்து வரைக்கும் அக்கா. உங்க மேல ஒண்ணும் வருத்தமில்ல. ரஸ்தாதான் பேஜார்."

"என்னத் தூக்கி அந்தப் பக்கம் போட்டா, திங்கக்கிழம அந்த மனுசன் பூட்டோட வந்து நிப்பாரு."

"அது குடும்ப விஷயம் அக்கா. நாங்க ரோடு டிபார்ட்மெண்ட்."

கூடத் தைக்கும் ஜோசஃபின் அழுதாள், மெட்ராசுக்கு ரயிலேறிவிடு என்றாள். ரயிலேற வேண்டுமானால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். மேற்கே இரண்டு வீட்டுக்கு அப்பால், இப்போது கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஆபீஸ் விட்டு வந்த ஓஸ்வால்ட் தன் வாசலில் உட்கார்ந்து பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பவுலின் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். மறுநாள் காலை முகம் கழுவி, நல்ல புடவை கட்டி, காப்பிக்கொட்டை வறுத்தாள்.

சனிக்கிழமை சீனிவாசராகவன் புதிய கல்லைப் பார்வையிட வந்தார். பவுலின் நாற்காலி போட்டாள்.

"வாங்க சார். இனிமே நான் உங்க ஊர்க்காரி. ரொம்ப சந்தோஷம்."

"சந்தோஷந்தாம்மா," என்றார் அவர், அவ்வளவாகச் சந்தோஷம் இல்லாமல்.

"எப்போ ஆரம்பிக்கிறீங்க?"

"எதை?"

"என் வாசல்ல ஒரு மைல் ரஸ்தா இருந்துது சார். காணோம். வீடு உங்களுதுன்னா வாசலும் உங்களுது, வாசலுன்னா ரஸ்தா. இழுத்து நீட்டிக் குடுத்துட வேண்டியதுதான? மேலிடத்துல சொல்லிட்டாங்களாமே."

ஓவர்சியர் காப்பியைக் கீழே வைத்தார். நீட்டுவதற்கு முறை ஏதும் அவர் படித்த காலேஜில் சொல்லித் தரவில்லை. "நீங்க தண்டிலேயே நன்னா இருந்தேளே," என்றார்.

"இருந்தேன் சார். அவங்க என்னை உங்களுக்குக் குடுத்துட்டாங்க. திங்கக்கிழம உங்க கோர்ட்டு அமீனா வந்து, இவ பேட்டைக்காரின்னு என்னக் கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போவாரு. கோர்ட்டே சொன்னப்புறம் ரஸ்தா உங்களுது இல்லன்னு யாரு சொல்ல முடியும்?"

சீனிவாசராகவன் காப்பியை முடிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பேட்டை ஆட்கள் வந்து அவள் வீட்டுக்கு மேற்கே ஒரு கல் நட்டார்கள். பேட்டை இதுவரை என்று அதில் வெட்டியிருந்தது. கிழக்கே இருந்த கல்லில் தண்டு இதுவரை என்று டென்சில் வெட்டச் சொன்னான். இரண்டு கல்லுக்கும் நடுவே பவுலின் வீடு இருந்தது. அது யாருடையது என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. கேட்பவர் தலையில் விழும்.

துரை வரும் நாள் நெருங்கியதால் ஞாயிற்றுக்கிழமையும் வண்டிகள் ஓடின. சொந்தக்காரர் இல்லாத ரஸ்தா வேகமாகத் தேய்ந்தது. திங்கட்கிழமை காலை பேட்டைக் கல்லுக்கும் தண்டுக் கல்லுக்கும் நடுவே ஓர் எட்டு வைக்கும் தூரம்தான் பாக்கி. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. கிணறு, கொய்யா, கொடியில் காய்ந்த வலை எல்லாம் தாராளமாக இருந்தன. அதற்குப் போகும் நீளம்தான் தீர்ந்துவிட்டது.

அமீனா வந்து பேட்டைக் கல்லில் எழுதியிருந்ததைப் படித்தார். வழக்கம்போல் உத்தரவையும் படித்தார். வெற்றிலை துப்பினார். "இதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்லைங்க," என்றார் ஓஸ்வால்டிடம்.

"என் பெண்டாட்டி வீட்டுக்குப் போக எனக்கு எவன் அதிகாரம் வேணும்?" என்று ஓஸ்வால்ட் ஓர் எட்டு வைத்தார். தண்டுக் கல்லைத் தாண்டி, மாதா கோயில் வாசலில் நின்றார். திரும்பி ஓர் எட்டு வைத்தார். அமீனாவின் பக்கத்தில் நின்றார். மெதுவாக வைத்துப் பார்த்தார். ஓடிப் பார்த்தார். பக்கவாட்டில் நண்டுபோல் போய்ப் பார்த்தார். எப்படிப் போனாலும் ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குத்தான் போனார். நடுவில் எங்கேயோ தையல் மிஷின் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது.

"பவுலின்! மரியாதையா வழிய விடு!"

மிஷின் நின்றது. "வழி நான் வெச்சிருக்கல. தேஞ்சு போச்சு. முனிசிபாலிட்டிக்கு எழுதுங்க."

"எந்த முனிசிபாலிட்டிக்கு?"

"அதத்தான் பேசிக்கிட்டிருக்காங்க," என்றது குரல். மிஷின் மறுபடி ஓடிற்று.

அன்று சாயங்காலம்வரை ஓஸ்வால்ட் போய்ப் போய் வந்தார். பிறகு தினமும் ஆபீஸ் விட்டதும் கொஞ்ச நேரம் போய் வந்தார். சில வருஷங்களில் அது உலாவுவது என்று பெயர் பெற்றது. சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று டாக்டரும் சொன்னார்.

ஐப்பசியில் இரண்டு நகரங்களும் உடன்படிக்கை செய்துகொண்டன. தங்களுக்கிடையே ஓர் எட்டு தூரமே இருப்பதாலும், ஓர் எட்டு ரஸ்தாவுக்குப் பராமரிப்புத் தேவையில்லை என்பதாலும், தேய்மானம் என்ற பிரச்சினை எழவில்லை என்று கையெழுத்தாயிற்று. ஓவர்சியருக்கும் சர்வேயருக்கும் மாலை போட்டார்கள். இரு நகரங்களும் இவ்வளவு நெருங்கியது இதுவே முதல் தடவை என்று வரவேற்புரையில் சொன்னார்கள், அது உண்மைதான்.

பவுலினுக்கு உள்ளேயிருந்து வெளியே வரத் தடையில்லை. கிழக்குக் கல் பக்கமாக இறங்கிப் பூசைக்குப் போவாள், தைத்த வலைகளைப் பாரக்கில் கொடுப்பாள், திரும்பும்போது ஜோசஃபினைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவாள். அடுத்து வந்த ஜனக்கணக்கில் பேட்டைக்காரர்கள் அவளைத் தண்டு என்று விட்டார்கள். தண்டுக்காரர்கள் பேட்டை என்று விட்டார்கள். வரி கேட்டு யாரும் வரவில்லை. கொசு மட்டும் எப்படியோ வழி கண்டுபிடித்து வந்தது, அவளிடம் வலை இருந்தது.

ஈஸ்டருக்கு வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் தெருத்தெருவாக வருவார். தூரமாக இருக்கத் தடையில்லை என்று தீர்ப்புச் சொன்னவர் என்பதால் இந்த வீட்டை அவர் விடுவதில்லை. ஒரு காலைத் தண்டிலும் ஒரு காலைப் பேட்டையிலும் வைத்து நின்று, ஜெபம் சொல்லி, காற்றில் தீர்த்தம் தெளிப்பார். உபதேசியார் பக்கத்தில் குடை பிடித்து நிற்பார். இருவருக்கும் எதிரே வீடு எதுவும் தெரியாது.

"சாமி," என்று பவுலின் குரல் வரும். "அடுப்பங்கரைக்கு விழல. கொஞ்சம் இந்தப் பக்கம்."

சாமியார் இந்தப் பக்கம் தெளிப்பார்.

"போதுமா?"

"போதும் சாமி. தோத்திரம்."

அவர் செம்பை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.