செவலையின் பின்னங்கால்

தீக்காய வார்டில் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் பியூலா, நோயாளிகளிடம் பொய் சொல்வதைப் பாவமாக நினைத்ததே இல்லை. உடம்பெல்லாம் வெந்து வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல நினைவோடுதான் இருப்பார்கள். தண்ணீர் கேட்பார்கள். பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்பார்கள். சாப்பிட்டுட்டான், வந்துட்டே இருக்காக, சரியாயிரும் என்று அவளும் ஏதாவது சொல்லிவைப்பாள். கட்டில் காலியாகும்போது அந்தப் பேச்சும் அதோடு போய்விடும். இசைவாணிக்குச் சொன்னது மட்டும் போகவில்லை.

வைகாசியில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. ஐந்து பேரைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒருத்தி இசைவாணி. முப்பது வயது இருக்கும். முகம் மட்டும் ஏனோ தப்பியிருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம், கட்டு மாற்றுவதற்காக அவள் புருசனை வெளியே அனுப்பிவிட்டுப் பியூலா களிம்பு தடவிக்கொண்டிருந்தபோது அவள் பேசினாள்.

"சிஸ்டர், செவலை வந்திருக்கு. பாருங்களேன்."

"யாரும்மா செவலை?"

"எங்க நாயி. பின்னங்கால இழுத்துக்கிட்டே வருது. நகமெல்லாம் தேஞ்சு ரத்தம் ஒழுகுது. அந்தச் சத்தம் ஒங்களுக்குக் கேக்கலையா?"

வராந்தாவில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று பியூலா நினைத்தாள்.

"ஆமா, வெளிய படுத்திருக்கு. நான் மருந்து போட்டுவிட்டுட்டேன். நீ தூங்கு."

இசைவாணி கண்ணை மூடிக்கொண்டாள். நாலு மணிக்கு முன்னால் இறந்துபோனாள்.

அதற்குப் பிறகுதான் பியூலாவுக்கு அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பார்வையாளர் நேரம் முடிந்து வராந்தா காலியாகிற மத்தியானங்களில், சிமெண்டுத் தரையில் எதையோ இழுப்பதுபோல ஒரு உரசல். சற்று நிற்கும். மறுபடி உரசும். மருந்து வண்டியின் சக்கரமாக இருக்கும் என்று எண்ணெய் விட்டுப் பார்த்தாள். வண்டி ஓசையில்லாமல் ஓடியது, உரசல் நிற்கவில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் வராந்தா வெறுமையாகத்தான் இருந்தது. கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கண்ணை மூடி நிற்கும்போதுகூட அவள் காது கோயில் வாசல் பக்கமே போனது.

ஆவணி கடைசியில் மாரித்தாய் என்ற பெண் வந்தாள். தீபாவளி ஆர்டர் மும்முரம். திரி அறுக்கும் இடத்தில் பொறி பட்டுப் புறங்கை வெந்திருந்தது. பெரிய காயமில்லை. கட்டுப் போட்டுக்கொண்டே பியூலா வழக்கம்போல எந்த ஊர் என்று விசாரித்தாள்.

"ஏழாயிரம்பண்ணைக்குத் தெக்க, சிஸ்டர். வேன்லதான் வேலைக்குப் போறோம். இந்தச் சீசன்ல அந்த வேன்ல ஏறவே பயமா இருக்கு."

"ஏன், டிரைவர் வேகமாப் போறாரா?"

"அதில்ல. காலையில தெருவுல இறங்குனா சிமெண்டு ரோடு நெடுக ரத்தச் சொட்டு. வேன் நிக்கிற எடம் வரைக்கும் இருக்கும். ரத்தத்தைத் தாண்டி மருந்து வேலைக்குப் போகலாமா, சொல்லுங்க? எனக்குக் கை வெந்த அன்னைக்கும் தாண்டித்தான் போனேன். இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டு ஏறுறோம்."

"யாரோட ரத்தம்?"

"வைகாசில செத்தால்ல இசைவாணி, அவ நாயி. பின்னங்கால் விளங்கல. தரதரன்னு இழுத்துக்கிட்டு தெனமும் மூடிக் கெடக்குற கம்பெனி கேட்டு வரைக்கும் போயிட்டு வருது. நகம்னு ஒண்ணு இல்ல அதுக்கு, அம்புட்டும் தேஞ்சுபோச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள கறியில விஷ மருந்து வச்சிருவோம்னு டிரைவர் சொல்லிட்டாரு."

பியூலாவின் கையிலிருந்த கட்டுத்துணிச் சுருள் உருண்டு கட்டிலுக்கடியில் போனது. அதை எடுக்கக் குனிந்தபடியே, "ஒங்க ஊருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

மறுநாள் அவளுக்கு ஓய்வு நாள். உப்புநீர் பாட்டில், பஞ்சு, கட்டுத்துணி, களிம்பு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். விடிந்து வெயில் ஏறாத நேரம். தெருமுனையில் திரும்பியதுமே அந்த உரசலைக் கேட்டாள். மூன்று மாதமாகக் கேட்ட அதே சத்தம். இழுப்பு, நிறுத்தம், மறுபடி இழுப்பு.

செம்பட்டை நிறத்தில் எலும்பு துருத்திய ஒரு நாய் எதிரே வந்துகொண்டிருந்தது. முன்னங்கால்கள் நன்றாகத்தான் நடந்தன. பின்பாதங்கள் இரண்டும் பின்னோக்கி மடங்கி, மேல்பக்கம் தரையில் தேய்ந்துகொண்டே வந்தன. ஒவ்வொரு இழுப்புக்கும் சிமெண்டில் இரண்டு சிவப்புக் கோடு. பியூலாவுக்கு நாய் என்றாலே சிறுவயதிலிருந்து பயம். ஆனால் அது குரைக்கவில்லை. நேராக அவளிடம் வந்து அவள் விரல்களை முகர்ந்தது. விரலிடுக்கு ஒவ்வொன்றாக, வெகுநேரம் முகர்ந்தது. பிறகு அவள் காலடியில் படுத்துவிட்டது.

"ஒங்க கையில அந்த வெள்ளைக் களிம்பு வாடை அடிக்கும் சிஸ்டர்" என்று ஒரு குரல் கேட்டது. இசைவாணியின் புருசன் பிரபாகரன் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தான். ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரியில் பார்த்ததைவிட வற்றியிருந்தான். "அவளத் துணியில சுத்திக் கொண்டாந்தப்ப இதே வாடைதான் அடிச்சிச்சு. மூணு நாள் கழிச்சு இது ஊருக்குள்ள வந்து, அவளக் கெடத்துன எடத்த மோந்துக்கிட்டே கெடந்துச்சு. வாங்க, உள்ள வாங்க."

நாயை அவன் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் சாக்கு விரித்துக் கிடத்தினான். பியூலா கேட்கக் கேட்கச் சொன்னான். இசைவாணி இருந்தபோது செவலை தினமும் அவள் போகும் வேனுக்குப் பின்னாலேயே ஓடிப்போய்க் கம்பெனி வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் கிடக்கும். வெடித்த அன்று சுவர்க்கல் பறந்து முதுகில் விழுந்திருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போய்விட்டது.

"கட்டிப்போட வேண்டியதுதானே?"

"போட்டேன். கட்டுனா திண்டாடி வீட்டுத் தரையையே பறண்டுது. அவுத்துவிட்டா ரோட்டுல தேயுது. மஞ்சப்பொடி போட்டேன், மண்ணெண்ணெ போட்டேன்."

"மண்ணெண்ணெயா? ஐயோ, எரியுமே."

"எனக்கு என்ன தெரியும் சிஸ்டர்."

வலியில் கடித்துவிடக்கூடாதென்று கட்டுத்துணியால் நாயின் வாயைத் தளர்வாகக் கட்டச் சொன்னாள். உப்புநீர் ஊற்றி மண்ணையும் பழைய ரத்தத்தையும் கழுவினாள். இரண்டு பாதங்களிலும் நகங்கள் சதையோடு சதையாகத் தேய்ந்திருந்தன. ஒரு விரலில் ரத்தம் இன்னும் கசிந்தது. பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தாள். எடுத்ததும் மறுபடி ஊறியது. வீட்டில் சோளமாவு இருக்கிறதா என்று கேட்டாள். இசைவாணி வாங்கிவைத்த டப்பா ஒன்று அலமாரியில் திறக்கப்படாமல் இருந்தது. அதைத் திறக்கும்போது பிரபாகரனின் கை தயங்கியதை அவள் பார்க்காததுபோல் இருந்துகொண்டாள். மாவை நகநுனியில் அப்பி அழுத்தியதும் ரத்தம் நின்றது.

"அவ கடைசியா ஏதாச்சும் சொன்னாளா சிஸ்டர்? என்னை வெளிய போகச் சொன்னீகள்ல, அப்ப."

பியூலா கையை எடுக்காமலே சொன்னாள். நாய் காலை இழுத்துக்கொண்டு வருகிறது என்று இசைவாணி சொன்னாள், நகம் தேய்ந்து ரத்தம் ஒழுகுகிறது என்றும் சொன்னாள்.

அவன் முகம் மாறியது. "அப்பச் செவலையைக் காணோமே. செத்துட்டுதுன்னுல்ல நெனச்சோம். அவ போயி மூணு நாள் கழிச்சுத்தான் இழுத்துக்கிட்டு வந்துச்சு. அவளத் தூக்கி வண்டியில போட்டப்ப அவளுக்குக் கண்ணே தெறக்கல, நானே கூட இருந்தேன். அவளுக்கு எப்படி…"

இருவரும் ஒரே நேரத்தில் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் வெயில் மட்டும் விழுந்திருந்தது.

"இன்னொண்ணு இருக்குய்யா" என்றாள் பியூலா. "நாய் வெளிய படுத்திருக்கு, மருந்து போட்டுட்டேன்னு அவகிட்டச் சொன்னேன். பொய். நான் எந்திரிச்சுப் போய்ப் பார்க்கக்கூட இல்ல."

பிரபாகரன் மடியிலிருந்த நாயின் தலையைத் தடவிக்கொடுத்தான்.

"இப்பப் போட்டுட்டீகள்ல" என்றான்.

பிரபாகரன் அன்று லாரிக்குப் போகவில்லை; இருவரும் செவலையை ஆட்டோவில் ஏற்றிச் சாத்தூருக்குக் கொண்டுபோனார்கள். கால்நடை டாக்டர் ஸ்ரீமதி பாதத்தை நிமிர்த்தி வைத்துப் பார்த்தார். கையை எடுத்ததும் அது மடங்கிக்கொண்டது. முதுகு நரம்பு நசுங்கியிருக்கிறது, முழுதாகத் திரும்பாது என்றார். "நகத்துக்குள்ள ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுது. அதுவரைக்கும் தேஞ்சா ஒவ்வொரு எட்டும் இதுக்கு வலிதான். தார்லயும் சிமெண்டுலயும் விடாதீங்க, மண்ணுல நடக்கட்டும். நடக்கும்போது காலுக்கு உறை போடுங்க, வீட்டுக்கு வந்ததும் கழட்டிடுங்க. ஈரம் நின்னா புண் அழுகிடும். நகம் வளர மாசக்கணக்காகும்."

உறைக்குப் பியூலா தன் யூனிபாரத்துக்குப் போடும் வெள்ளைச் சாக்ஸைக் கொடுத்தாள். பிரபாகரன் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதன்மேல் வைத்துக் கோணியூசியால் தைத்தான். சாயங்காலம் பியூலா மாரித்தாயின் வீட்டுக்குப் போய், நாளையிலிருந்து ரோட்டில் ரத்தம் இருக்காது, மருந்து வைக்க வேண்டாமென்று டிரைவரிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள். மாரித்தாய் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "ரத்தம் இல்லைன்னா எங்களுக்கு என்ன வந்துச்சு, பாவம் அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இசைவாணி பேரச் சொல்லிக் கூப்பிடுதா சிஸ்டர் அது?"

"நாய் எப்படிம்மா பேரு சொல்லும்?"

"எனக்கு அப்படித்தான் கேக்குது" என்றாள் மாரித்தாய்.

மறுநாளிலிருந்து பிரபாகரன் விடியலில் செவலையைத் தூக்கிக்கொண்டு தார்ரோட்டைத் தாண்டுவான். கரிசல் காட்டுக்குள் இறக்கிவிட்டு, மக்காச்சோளத்துக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் அதோடு நடப்பான். வெடித்த நாளிலிருந்து அவன் அந்தக் கம்பெனிப் பக்கம் போனதில்லை. லாரியைக்கூடச் சுற்றுவழியில்தான் ஓட்டினான். இப்போது நாய் அவனை அங்கே இழுத்துக்கொண்டு போனது. சீல் வைத்த கேட்டுக்கு முன்னால் அது படுத்துக்கொள்ளும். அவன் தள்ளி நின்று, கருகிய சுவரைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அரைமணி நேரம் கழித்துத் தூக்கிக்கொண்டு திரும்புவான்.

ஓய்வு நாள்தோறும் பியூலா வந்து கட்டு மாற்றினாள். வார்டில் அந்த உரசல் குறைந்தது. முழுதாக நின்றதென்று அவளால் சொல்ல முடியவில்லை. ஐப்பசியில் நல்ல மழை பெய்து கரிசல் மெத்தென்று ஆனது. கார்த்திகையில் செவலையின் விரல்களில் பச்சரிசி நுனிபோல நகம் எட்டிப் பார்த்தது. இடது பாதம் சில நேரம் தானாகவே நிமிர்ந்து ஊன்றியது.

மார்கழி பிறந்த வாரத்தில் மாரித்தாய் ஆறிப்போன கையைக் காட்ட வார்டுக்கு வந்தாள்.

"செவலை இப்பக் கம்பெனிக்குப் போறதில்ல, தெரியுமா? வழியில இருக்குற ஓடை மணலைக் கண்டா அங்கனயே படுத்துக்கிருது. எம்புட்டுக் கூப்பிட்டாலும் வர்றதில்ல."

"நல்லதுதானே."

"நாயி நல்லாத்தான் இருக்கு. அந்த மனுசன்தான் ஓடையில நாய விட்டுட்டு, ஒத்தையில கேட்டு வரைக்கும் நடந்து போறாரு. தெனமும் வேன்ல போறப்பப் பாக்குறோம். கீழ குத்தவச்சிருக்காரு. யாரோ கூடப் பேசுற மாதிரி வாய் அசையுது."

அடுத்த ஓய்வு நாளில் பியூலா ஊருக்குள் போகவில்லை. கம்பெனிக்குப் பாதை பிரியும் விலக்கில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். கேட்டின் முன்னால் பிரபாகரன் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். முதல் தடவையாக அவன் கருகிய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பனி இன்னும் விலகவில்லை. அவள் வந்து நின்றதை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டான்.

"அவகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றான். "நகம் மொளைச்சிருச்சுன்னு."

பியூலா பக்கத்தில் உட்கார்ந்தாள். வேன் ஒன்று பெண்களை ஏற்றிக்கொண்டு வேகத்தைக் குறைத்துக் கடந்துபோனது. அவன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான்.

"லோடு இருக்கு சிஸ்டர், போகணும். ஓடை வழியா வாங்க, அதையும் கூட்டிக்கிட்டுப் போயிருவோம்."