தெற்கே பார்த்த வாசல்

என் அப்பாவின் மூக்குப்பொடிக் குப்பியின் மேல் கை வைத்துச் சொல்கிறேன், இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. குப்பி காலிதான். அதனால் சத்தியத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஆடுகளை விற்றுவிட்டு மங்கோலியத் தலைநகரம் உலான்பாத்தருக்குக் குடிபோவதென்று முடிவானபோது என் மனைவி டோல்கோர் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வீடு கிடைச்சதும் சொல்லி அனுப்புங்க. வாசல் தெற்கே பாக்கணும். கொஞ்சம் கோணலா இருந்தாலும் நான் அக்கா வீட்டுலயே இருந்துக்கறேன்."

அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்தாலே அவள் என்னை மறந்துவிடுவாள். அனுபவத்தில் சொல்கிறேன்.

குர்பாசர் என்பவனின் லாரியில் எங்கள் கம்பளிக் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வந்தேன். பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தேழு டிகிரி. மலைச்சரிவு முழுக்க அடுத்தவர்களின் வேலிகள். நில அலுவலகத்தில் மே மாதம் வரச் சொன்னார்கள். சரி, அதுவரை ஒதுங்கலாம் என்று லாரியின் முதுகிலேயே கூடாரத்தை நட்டு அடுப்பை மூட்டினோம். அடியிலிருந்த பனி உருகியது. அடுப்பு தணிந்ததும் மறுபடி உறைந்தது. விடிந்து பார்த்தால் கூடாரமும் லாரியும் ஒரே உடம்பாகியிருந்தன. குர்பாசர் கோடரியால் தட்டிப் பார்த்தான். கோடரியும் ஒட்டிக்கொண்டது.

"என்ஜினை நிறுத்தினா அதுவும் மே மாசம்தான் அண்ணே," என்றான்.

ஓடுகிற என்ஜினை வைத்துக்கொண்டு சும்மா நிற்பானேன் என்று கிளம்பினோம். வாசல் லாரியின் பின்பக்கம் இருந்தது. ஆகவே வடக்கே மட்டும்தான் நேராகப் போக முடியும். தெருமுனை வந்ததும் அதே தெருவில் ரிவர்ஸிலேயே தெற்கே திரும்பி வருவோம். கிழக்கே மேற்கே எங்களுக்கு வேலை ஒன்றும் இல்லை.

அந்த நகரத்தில் தெருவோரம் நின்று கையை நீட்டினால் எந்த வண்டியும் நிற்கும். கை நீட்டினார்கள், நின்றோம். படியைத் தாண்டி உள்ளே வந்தவர் விருந்தாளி. அவருக்கு உப்புப் போட்ட பால் டீ கொடுக்காமல் இருக்க முடியுமா? குடித்தவர்கள் இறங்க மறந்தார்கள். பல் டாக்டர் ஒருவர் நாள்கணக்கில் வடக்கும் தெற்குமாகப் போய்வந்தார். இருந்த இடத்திலேயே இரண்டு பேருக்குப் பல்லும் பிடுங்கினார்.

நாலாம் நாள் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் மறித்தார். ஏன்யா ஊர் முழுக்கப் பின்னாலேயே ஓட்டுகிறாய் என்று குர்பாசரைக் கேட்டார்.

"வாசல் தெற்கே பாக்கணும் சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன," என்று அபராதப் புத்தகத்தை மூடினார். உள்ளே வந்து மூன்று கிண்ணம் டீ குடித்தார். அன்றிலிருந்து எங்கள் லாரி பின்னால் வரும்போதெல்லாம் விசில் ஊதி மற்ற வண்டிகளை ஒதுக்கிவிட்டார்.

டோல்கோருக்குச் சொல்லி அனுப்பினேன்: வீடு கிடைத்தது, வாசல் தெற்கு. விலாசம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நாளைக்கு நாற்பது தடவை மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

அவள் வெளியூர்ப் பஸ்ஸிலிருந்து இறங்கி, தெருவோரம் நின்று கையை நீட்டினாள். வீடு நின்றது. முகம் முழுக்கத் துணி சுற்றி நான் அடுப்படியில் இருந்ததால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. டீ கொடுத்தேன். தன் புருஷனுக்கு வீடு கிடைத்திருக்கிறதாம், அவர் பேச்சை நம்பி வந்ததுதான் தப்பு என்று பல் டாக்டரிடம் அளந்துகொண்டிருந்தாள். பேசிக்கொண்டே திரும்பியவள் வாசலுக்கு நேரெதிரே வடக்குப் பக்கம் இருந்த ஆரஞ்சு நிறப் பெட்டியைப் பார்த்தாள். அவளுடைய கல்யாணப் பெட்டி.

அண்ணாந்து, கூரை நடுவே திறந்திருந்த வளையத்தைப் பார்த்தாள். உச்சிவேளை, சூரியன் நேர் தெற்கே நிற்கும் நேரம். வெயில் வளையம் வழியாக இறங்கி நேராகப் பெட்டியின் நடுவில் விழுந்திருந்தது. லாரி நகர்ந்தது, வெயில் நகரவில்லை. வாசலையும் பார்த்தாள், பெட்டியையும் பார்த்தாள். தெருமுனை வரைக்கும் காத்திருந்தாள். லாரி ரிவர்ஸில் திரும்பி வந்தது. அப்போதும் வெயில் பெட்டியை விட்டு அசையவில்லை.

"டீயில உப்பு பத்தலை," என்று சொல்லி என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். அக்கா வீட்டுப் பேச்சு அதோடு முடிந்தது.

நாங்கள் அந்த நகரத்தில் குடியிருந்தது மொத்தம் பன்னிரண்டு நாள், ஜூலை மாதத்தில். குப்பி காலி என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.