கல்யாணம் ஆகாதவர்

என் கணவர் சலூன் வைத்திருப்பவர். ஒரு பிளேடை இரண்டாக ஒடித்து, ஆளுக்குப் பாதி, அதோடு குப்பை. கடையில் அவ்வளவு கறார். வீட்டில் அந்தச் சுத்தமெல்லாம் கிடையாது. முன்பெல்லாம் தன் முகத்தை மழித்த பாதி பிளேடை லேசாக அலசி என் தையல் மெஷின் மேல் வைத்துவிடுவார். கோணலாகப் போன தையலை அதை வைத்துத்தான் பிரிப்பேன். பெருவிரல் கீறாத நாள் குறைவு.

கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் என்று போனபோது ரத்தத்தைச் சோதித்து ஹெபடைட்டிஸ் சி, ஈரலைக் கெடுக்கிற கிருமி என்றார்கள். ரத்தத்தின் வழியாக வருவது, கணவரையும் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர். இவர் வரவில்லை. வெளியே ஒரு லேபில் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமில்ல. உனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?"

மாமியாருக்கு அது போதும். "அளவெடுக்கிறேன்னு எவன் எவனையோ உள்ள விட்டிருப்பா."

நான் பெண்களுக்கு மட்டும்தான் தைக்கிறேன். சொன்னால் யார் காதில் ஏறும்? ஆறு வயது மகளை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பு சுத்தமானால்தான் அவள் திரும்பி வருவாளாம். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மாதம் மாத்திரை விழுங்கினேன்.

கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை. கம்ப்யூட்டரில் அதைப் பதிந்த நர்ஸ் சொன்னார்.

"இதே அட்ரஸ்ல ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் இதே மாத்திரை சாப்பிட்டிருக்காரே! உங்க தம்பியா? கல்யாணம் ஆகாதவர்னு போட்டிருக்கு."

திரையில் இருந்த பெயரும் வயதும் என் கணவருடையவை. இரண்டு வருடம் முன்புதான் பிளேடு வைப்பதை நிறுத்திவிட்டு, தையல் பிரிக்கிற கருவி ஒன்றை வாங்கித் தந்தார். என் விரல்மேல் இவருக்கு எவ்வளவு அக்கறை என்று தெரு முழுக்கக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அவர் ரத்தம் அதற்கு முன்பே என் விரலில் ஏறியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். மாமியார் துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை.

"தெரியும். நான்தான் கல்யாணம் ஆகலேன்னு சொல்லச் சொன்னேன். இல்லேன்னா பொண்டாட்டியக் கூட்டிட்டு வான்னு உயிர எடுப்பாங்க. உன் வாய் சும்மா இருக்குமா? சலூன்காரன் ரத்தத்துல கிருமின்னு தெரிஞ்சா எவன் கழுத்த நீட்டுவான்?"

"அப்போ என் பேரு?"

"உன் பேரையா போர்டுல எழுதி மாட்டியிருக்கு? நீ வாயத் திறக்கலேன்னா நாளைக்கே பொண்ணு வந்துடுவா."

நான் திறக்கவில்லை.

மறுநாள் அவரே மகளைக் கூட்டி வந்தார். ஓடி வந்து விழுவாள் என்று கையை விரித்தேன். அவள் வாசலிலேயே நின்று அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மாவத் தொடலாமாப்பா?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ம், இப்போ தொடலாம்."