அண்ணியின் நீலத் தொட்டி

பட்டறைக்கு நடுவே கொத்தனார் சுண்ணாம்பில் கோடு கிழித்துக்கொண்டிருந்தபோது, அண்ணி கையில் மைக்ரோமீட்டரைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் தொடங்கிய கோடு நேராக உள்ளே வந்து, கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷினான சி.என்.சி. லேத்துக்கு முன்னால் நின்றுவிட்டு, அதற்குப் பின்னால் மறுபடி தொடங்கிச் சுவரில் போய் முட்டியது. மற்ற மெஷின்களையெல்லாம் அண்ணனும் தம்பியும் இது உனக்கு, அது எனக்கு என்று பிரித்துக்கொண்டுவிட்டார்கள். இந்த ஒன்று யார் பக்கம் என்பதில்தான் இன்னும் இழுபறி. செங்கல் வந்து வாசலில் அடுக்கியாகிவிட்டது. நாளை மறுநாள் மதியம் வந்து சுவரைத் தொடங்குவதாகச் சொல்லிவிட்டுக் கொத்தனார் போனார்.

பெரியவர் அவள் கணவர். சின்னவன் அவருடைய தம்பி. அவள் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது சின்னவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். தலைவாரி, சட்டைப் பொத்தான் சரிபார்த்து அனுப்பியவள் அவள்தான். அவன் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இரும்பு கொண்டுவருகிற வண்டிக்காரர் முதல் கொத்தனார் வரை எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். பட்டறையில் செய்கிற பொருளை அளந்து நல்லது கெட்டது பார்ப்பது அவள் வேலை. அதில் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள். வீட்டில் நடப்பதைத்தான் கண்டும் காணாமல் விட்டுவிட்டாள்.

அவர்கள் செய்தது தண்ணீர் பம்புக்குள் சுழலும் எஃகுத் தண்டு. விரல் பருமன்தான் இருக்கும். ஆனால் அளவில் அது படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தலைமுடியைப் பாதியாகக் கிழித்தால் என்ன தடிமன் வருமோ, அந்த அளவுக்குக்கூட ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. கெட்டதை அண்ணி கழித்தும், மிஞ்சியவை அளவின் விளிம்பிலேயே இருந்ததால், போன பெட்டியைப் பம்பு கம்பெனி அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்த பெட்டியும் இப்படி வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு முற்றிய பேச்சுதான் இந்தச் சுண்ணாம்புக் கோட்டில் வந்து நின்றது.

காலையிலிருந்து மதியம் வரை சி.என்.சி.யில் பெரியவர் நிற்பார். மதியத்திலிருந்து இருட்டும் வரை சின்னவன். தண்டு தடித்து வந்தால் மெஷினின் திரையில் ஓர் எண்ணைக் குறைக்க வேண்டும், மெலிந்து வந்தால் கூட்ட வேண்டும். அதை ஆப்செட் போடுவது என்பார்கள். இரண்டு பேரும் அதில் கைதேர்ந்தவர்கள். ஒருவர் போட்ட ஆப்செட் மட்டும் மற்றவருக்கு ஆகவே ஆகாது.

"உன் கொழுந்தன் நேத்து எப்படி விட்டுட்டுப் போயிருக்கான் பாரு. முதல் பீஸே தடியா வருது" என்று காலையில் பெரியவர் எண்ணைக் குறைப்பார்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் கடைசியா ஓட்டின பீஸைப் பாருங்க. பட்டினி போட்ட மாதிரி இருக்கு" என்று மதியம் அவன் எண்ணைக் கூட்டுவான்.

மறுநாள் காலை மறுபடி தடித்து வரும். சீட்டு விளையாட்டில்கூட இவ்வளவு ஒழுங்காக ஆட்டம் மாறி மாறி வராது. இதில் யார் செய்த தண்டு கெட்டது என்று பார்க்கத் தொடங்கினால் வீடு இரண்டாகும் என்று அண்ணி பயந்தாள். அதனால் அவளாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். இருவரும் தண்டு நிரப்பிய தட்டுகளை எடுத்துப்போய், அடியில் எண்ணெய் விட்ட ஒரு பெரிய நீல பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டுவாள். கீறல் விழாமல், குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் கையால் அளைந்து எல்லாவற்றையும் கலந்துவிடுவாள். அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் துடைத்து அளப்பது. யாருடையது கெட்டது என்று யார் கேட்டாலும், "எனக்கே தெரியாது" என்பாள். அது பொய்யும் இல்லை.

நல்லெண்ணம்தான். ஆனால் நல்லெண்ணத்தை மைக்ரோமீட்டரில் வைத்து அளக்கவா முடியும். பழி யார் மேலும் விழவில்லை, சரி. ரிஜெக்ட் மட்டும் குறைந்தபாடில்லை. கெட்டது எப்போது கெட்டது என்று தெரிந்தால்தானே ஏன் கெட்டது என்று கேட்க முடியும். அந்தக் கேள்வியைத்தான் அவள் நாள்தோறும் எண்ணெயில் முக்கிக் கொன்றுகொண்டிருந்தாள்.

கோட்டைப் பார்த்தபடி நின்றபோது அது அவளுக்கு உறைத்தது. சண்டை வரக்கூடாது என்றுதான் இத்தனை நாள் கலந்து கொட்டினாள். சண்டையும் வந்துவிட்டது, சுவரும் வரப்போகிறது. இனிமேல் மூடி வைத்து என்ன ஆகப்போகிறது.

மறுநாள் காலை அவள் தொட்டியைத் தொடவில்லை. நீள மேசையைத் துடைத்து, மெஷினிலிருந்து வருகிற ஒவ்வொரு தண்டையும் வந்த வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கினாள். அடுக்கிய கையோடு மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

"என்ன அது, பிணத்தை மூடுற மாதிரி மூடுற?" என்றார் பெரியவர்.

"ஆறட்டும்னு வச்சிருக்கேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அவர் முதல் சில தண்டுகளை அளந்தார், முணுமுணுத்தார், எண்ணைக் குறைத்தார். சரியாக வந்ததும், வைத்தது வைத்ததுதான் என்று அதற்குப் பிறகு அளக்கவே இல்லை. சாப்பாட்டு நேரம் வந்ததும் வழக்கம்போல மெஷினை நிறுத்தினார். சும்மா நிற்கிற மெஷினுக்குக் கரண்டு எதற்கு என்பது அவர் கட்சி. டீ குடிக்கப் போனால்கூட நிறுத்திவிட்டுத்தான் போவார். மதியம் சின்னவன் வந்தான். அண்ணனின் கடைசித் தண்டை எடுத்து அளந்தான், உச்சுக்கொட்டினான், மெஷினைப் போடுவதற்கு முன்பே எண்ணைக் கூட்டினான். துணிக்கு அடியில் வரிசை நீண்டுகொண்டே போனது.

சாயங்காலம் அவள் தனியாக உட்கார்ந்து அளந்தாள். தடித்ததை மேசையின் மேல் ஓரத்துக்குத் தள்ளினாள், சரியானதை நடுவில் விட்டாள், மெலிந்ததைக் கீழே தன் பக்கம் இழுத்தாள். வரிசை மட்டும் மாறாமல் பார்த்துக்கொண்டாள். தாலி கட்டியவர் ஒரு பக்கம், பிள்ளையாக வளர்த்தவன் மறு பக்கம். யாரைக் காட்டிக்கொடுக்கப் போகிறோமோ என்று ஒவ்வொரு தண்டையும் இரண்டு தடவை அளந்தாள். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், தப்பு தன் கணவர் மேல் இருக்கட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். அவரிடம் என்றால் சண்டை போடலாம், அழலாம், சமாதானமும் ஆகலாம். சின்னவன் கோபித்துக்கொண்டு போனால் போனதுதான்.

அளந்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே இருவரையும் கூப்பிட்டாள்.

இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். முகம் கொடுத்துப் பேசி எவ்வளவு நாளாயிற்றோ, ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள்.

"இங்கிருந்து இதுவரைக்கும் நீங்க ஓட்டினது" என்று கணவரிடம் கைகாட்டினாள். "இதுக்கு மேல தம்பி ஓட்டினது. வந்த வரிசையிலயே இருக்கு. எதையும் கலக்கல."

பெரியவரின் தண்டுகள் மேல் ஓரத்தில் தொடங்கி, நடுவுக்கு வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிந்திருந்தன. சின்னவனுடையவை அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி மேல் ஓரத்துக்குப் போய், நடுவுக்கு வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிந்திருந்தன. இரண்டு சரிவும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருந்தன.

இரண்டு பேருமே அடுத்தவர் தப்பைத்தான் முதலில் தேடினார்கள். சின்னவன்தான் ஆரம்பித்தான், அதுவும் அண்ணியைப் பார்த்து.

"அண்ணன் காலையில ஆப்செட் போட்டது இந்த இடம். அதுக்கப்புறம் கையே வைக்கல. பின்ன எப்படி இது இறங்கிக்கிட்டே வருது?"

"வெட்டுற டூல் தேஞ்சிருக்கும்னு சொல்லாத" என்றார் பெரியவர், அவரும் அவளையே பார்த்து. "டூல் தேஞ்சா பீஸ் தடிக்கணும். மெலியாது."

"அது எனக்கும் தெரியும்."

"நீங்க ரெண்டு பேரும் என் மூஞ்சியைப் பார்த்துப் பேசினா எனக்கு என்ன தெரியும்" என்றாள் அண்ணி. "யாரும் கை வைக்காதப்போ மெஷின்ல வேற என்னதான் மாறுது? அதைச் சொல்லுங்க."

பெரியவர் மெஷினிடம் போனார். தண்டைப் பிடித்துச் சுழற்றுகிற தலைப்பாகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"இன்னும் வெதுவெதுன்னு இருக்கு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "காலையில தொட்டா ஜில்லுனு இருக்கும்."

சின்னவனும் போய்ப் பக்கத்தில் கை வைத்தான். மெஷின் ஓட ஓடச் சூடாகிறது. சூடானால் இரும்பு விரிகிறது. விரிந்த இரும்பு டூலைத் தண்டுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறது, தண்டு மெலிகிறது. இது அந்த இருவருக்கும் தெரியாத பாடமா என்ன. அடுத்தவர் கையைக் கண்காணிப்பதிலேயே குறியாக இருந்ததால் மெஷினைக் கவனிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

"டீக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு ஒரு தடவைன்னு நிறுத்தி நிறுத்தி ஆற விட்டது நான்தான்" என்றார் பெரியவர்.

"நான் மட்டும் என்னவாம். மெஷினை ஓட்டிக்கூடப் பார்க்காம, உன் பீஸை வச்சுக்கிட்டு ஆப்செட்ல கை வைக்கிறேன்."

"எல்லாத்தையும் அள்ளித் தொட்டியில கொட்டிக் கலந்தவ நான்" என்றாள் அண்ணி.

இத்தனை நாள் பழியை அடுத்தவர் தலையில் கட்டியவர்கள், இப்போது எனக்குத்தான் அதிகம் என்று அதற்குப் பங்கு கேட்டு நின்றார்கள். அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. ஆனால் வாசலில் செங்கல் அடுக்கியபடியே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் சின்னவனும் வந்துவிட்டான். மெஷினில் தண்டு எதுவும் மாட்டாமல் வெறுமனே ஓடவிட்டார்கள். எதையும் வெட்டாமல் மெஷின் சுற்றுவதைப் பார்த்துப் பெரியவர் பட்ட அவஸ்தை சொல்லி முடியாது. கரண்டு மீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் மறுபடி போய்ப் பார்த்தார்.

"அந்த மீட்டரை முறைச்சா அது மெதுவா ஓடுமா? வந்து உட்காருங்க" என்றாள் அண்ணி.

தலைப்பாகம் நன்றாகச் சூடேறிய பிறகு வேலையைத் தொடங்கினார்கள். சில தண்டுகளை ஓட்டி, ஆறவிட்டு, அளந்து, இருவரும் பேசி ஒரே ஒரு தடவை ஆப்செட் போட்டார்கள். அதற்குப் பிறகு அவளைக் கேட்காமல் யாரும் திரையில் கை வைக்கக் கூடாது என்று பேச்சு. பெரியவருக்குக் கை அரித்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரத்திலும் மெஷின் நிற்கவில்லை. அண்ணன் விட்ட இடத்தில் தம்பி நின்றான், அவ்வளவுதான். சாப்பிடப் போகும்போது பெரியவர் தம்பியின் தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

அண்ணி மேசையில் அடுக்கிக்கொண்டே வந்தாள். தண்டுகள் நடுவை விட்டு நகரவில்லை. ஒன்றே ஒன்று மேலே போனது, அதுவும் சரியாகப் பிடிபடாமல் மாட்டியதால். வழக்கமாக இந்நேரத்துக்குப் பாதி நிரம்பிவிடுகிற ரிஜெக்ட் டப்பாவில் அது தனியாகக் கிடந்தது. இனி கம்பெனி பெட்டியைப் பிரித்துப் பார்த்து என்ன சொல்லுமோ தெரியாது. ஆனால் பெட்டியில் வைக்கப்போகிற தண்டுகளைப் பற்றி அவளுக்குப் பயமில்லை.

மதியம் கொத்தனார் கரண்டியோடு வந்து நின்றார்.

"தொடங்கலாங்களா? அந்த மெஷின் எந்தப் பக்கம்னு சொல்லிட்டா நல்லது."

பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான், ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையை.

"சுவர் வேண்டாங்க" என்றார் பெரியவர். "அந்தக் கோட்டு மேலயே ஒரு மேடை கட்டிடுங்க. இடுப்பு உயரத்துக்கு. ரெண்டு பக்கமும் ஆள் நின்னு அளக்கிற மாதிரி."

கொத்தனார் சந்தேகமாகச் சின்னவனைப் பார்த்தார். முந்தாநாள் பெரியவர் சொன்னதற்கெல்லாம் அவன் மறுப்புச் சொன்னதை அவரும் பார்த்திருந்தார்.

"நீளமா கட்டுங்க" என்றான் சின்னவன். "ஒரு நாள் ஓட்டுறது எல்லாத்தையும் அண்ணி வரிசையா வைக்கணும். அண்ணன் சொல்ற உயரம் அண்ணிக்கு எட்டாது, கொஞ்சம் குறைச்சுக்கங்க."

"அதெல்லாம் எட்டும்" என்றார் பெரியவர்.

"எட்டாது."

"சரி, குறைச்சே கட்டுங்க" என்று பெரியவர் விட்டுக்கொடுத்தார். அண்ணி சட்டென்று திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அழுவதை மறைக்க அவள் முயன்றாள். பட்டறையே பார்த்துக்கொண்டிருந்தது.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். சுவர் வேலை கையைவிட்டுப் போனதில் அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் செங்கலை எடுத்து வரச் சொல்லிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சிமெண்டு கலக்கத் தொட்டி ஏதாவது இருக்குங்களா?"

அண்ணி மேசைக்கு அடியில் குனிந்து நீலத் தொட்டியை வெளியே இழுத்தாள். எண்ணெயை வடித்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"இதுல கலந்துக்கங்க" என்றாள். "வேலை முடிஞ்சதும் திருப்பித் தர வேண்டாம். நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க."