துப்பாக்கிக் குழலில் வெட்டிய பெயர்

ஐயாயிரம் டாலர். செத்துப்போன புருஷனின் துப்பாக்கிக்கு மார்லிஸ் சொன்ன விலை அது. நான் நானூறு என்றேன். மான்டானாவில் எங்கள் ஊரில் பழைய துப்பாக்கி வாங்கி விற்கிறவன் நான் ஒருவன்தான்.

"நீ எவ்வளவு கேவலமா கேப்பேன்னு பாத்தேன், ரஸ்ஸல். இது விக்கிறதுக்கில்ல."

"பின்ன எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

அவளுக்கு அந்த வருஷக் குலுக்கலில் எல்க் வேட்டை அனுமதிச் சீட்டு விழுந்திருந்தது. அவள் புருஷன் டுவெய்ன் இந்தத் துப்பாக்கியில் சின்ன மான்தான் அடிப்பான். எல்க் குதிரை அளவு பெரிய மான். பெரிய துப்பாக்கியின் உதையை அவள் தோள் தாங்காது. இதிலேயே தோட்டா உட்காரும் அறையைக் கொஞ்சம் குடைந்து அகலமாக்கினால் கூடுதலாக வெடிமருந்து பிடிக்கும், குண்டு விரைந்து போகும். அதைச் செய்யத் தெரிந்தவன் என் கடைக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த ஓரின்.

"எல்க்கை அடிச்சிட்டா வீட்டைப் பூட்டிட்டு ஒரேயடியா டூசான்ல மக வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பட்டறை வாசலில் நின்று கேட்டிருந்த ஓரினின் முகம் வெளுத்தது. அவன் மனசு எங்கே கிடக்கிறது என்பது ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும்.

"சொல்லித் தொலையேன்டா" என்றேன்.

"போறவளை நிறுத்த நான் யாரு?"

"நீ யாருமில்ல. அதான் சொல்லச் சொல்றேன்."

ஓரின் குழலைக் கடைசல் எந்திரத்தில் மாட்டினான். எந்தக் கம்பெனியும் செய்யாத இப்படிப்பட்ட தோட்டாவைக் காட்டுப்பூனை என்போம். அளவைக் கண்டுபிடித்தவன்தான் பெயர் வைக்க வேண்டும். குண்டின் அளவு எண்ணோடு அந்தப் பெயரைக் குழலில் வெட்டியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவன் தெரியாமல் எதையாவது போட்டுச் சுட்டு, துப்பாக்கி வெடித்து முகத்தைக் கெடுத்துக்கொள்வான். ஊரில் பாதிப் பேர் தங்கள் பெயரையே வைத்துக்கொண்டார்கள். எஃகில் விழுந்த எழுத்தை யாரும் திரும்ப வாங்க முடியாது.

துப்பாக்கியை எடுத்துப்போக வந்த அன்று மார்லிஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக் குழலைப் படித்தாள். டுவெய்ன் காலத்துத் தோட்டாவின் பெயரை ஓரின் அழிக்கவில்லை. குறுக்கே மெல்லிய கோடு மட்டும். அதற்குக் கீழே: 25 மார்லிஸ்.

ஓரின் தரையைப் பார்த்தான். நான் ஓரினின் வேலைக்கும் சேர்த்து எழுதும் கணக்கு நோட்டை எடுத்தேன்.

அவள் விரலால் அந்த எழுத்துகளைத் தடவினாள். "இத்தனை வருஷம் உனக்கு வாயில என்ன இருந்துது, ஓரின்?"

"வந்து... நல்ல தோட்டா. உதைக்காது."

"தோட்டாவைக் கேக்கல, மரமண்டை."

"தெரியும்" என்றான். காது சிவந்துவிட்டது. "போகாத, மார்லிஸ்."

அவள் கைப்பையைத் திறந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ரஸ்ஸல், கணக்கைச் சொல்லு" என்றாள்.

"அறை குடைஞ்சதுக்கு நூத்தியெண்பது. சுட்டுப் பாத்ததுக்கு இருபது. பேரு வெட்டினதுக்கு..."

"அதுக்குக் காசு வேணாம்" என்றான் ஓரின்.

"நான் எதையும் ஓசில வாங்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து சாப்ட்டுக் கழிச்சுக்கோ. ஒரே வாரத்துல கழியாது."

நான் எழுதிக்கொண்டேன்: வேலைக்கு இருநூறு, வரவு. பெயருக்கு, பாக்கி.