வெற்றுப் பலகைக்கு ஒப்புதல்

டீம் லீடர் பெக் டொக்சு, துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறிய மாட்டிறைச்சி சூப்பில் இரண்டாவது கிண்ணத்தையும் முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "யொன்ஹீ, ரெண்டு நிமிஷம் இப்படி உக்காரேன்" என்றார். யொன்ஹீ கறுப்புத் துக்க உடையில், தலையில் வெள்ளை ரிப்பன் குத்தியபடி வந்து உட்கார்ந்தாள். அப்பா செவ்வாய்க்கிழமை மாலை போனார். இது புதன் மதியம். ஆஸ்பத்திரிக்குக் கீழ்த்தளத்தில் இருந்த அந்தத் துக்கக் கூடத்தில் நேற்றிலிருந்து எத்தனை பேருக்கு நெற்றி தரையில் பட வணங்கினாள் என்று அவளுக்கே கணக்கில்லை. முழங்கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. வந்தவர்களில் பாதிப்பேர் அப்பாவைக் கண்ணால் பார்த்திராத ஆபீஸ்காரர்கள். வாசலில் நின்ற மலர்வளையத்தில் அவள் வேலை பார்க்கும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் அப்பாவின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் கூடத்துக்காரர் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். நாளைக் காலை பெட்டியைத் தூக்க ஆறு ஆண்கள் வேண்டும், யார் யார்? யொன்ஹீ ஒரே பிள்ளை. நாற்பத்தொரு வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சித்தப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அம்மா திருதிருவென்று விழித்தாள். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டொக்சு கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "நாங்க எதுக்கும்மா இருக்கோம்? எங்க டீம்ல என்னோட சேத்து ஆறு ஆம்பளைங்க. நாங்க தூக்கறோம்" என்றார். அம்மா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாகப் போயிருக்கும் என்று யொன்ஹீ பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டாள்.

"உன் போன்ல ஒண்ணு வந்திருக்கும் பாரு" என்றார் இப்போது. "வெற்றுப் பலகை. நான் அழுத்திட்டேன். உன்னோடதுதான் பாக்கி."

நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்களோடு பேசும் ஏஐ ஒன்று இருந்தது. பெயர் தொதாம். முதலில் அது எழுத்தில் மட்டும்தான் பதில் சொல்லும். இரண்டு வருடமாக, கேட்பவருக்குத் தேவையான திரையைத் தானே அந்த இடத்திலேயே அமைத்துக் கொடுக்கக் கற்றிருந்தது. காரை இடித்துவிட்டார்கள் என்று ஒருவர் புலம்பினால், இடித்த இடத்தைக் குறிக்க வரைபடம், போட்டோ போட ஒரு கட்டம், தேதி, அனுப்பு என்று ஒரு பொத்தான், எல்லாம் பேச்சுக்கு நடுவே முளைத்துவிடும். ஆனால் மனம்போனபடி வரைந்துவிட முடியாது. பொத்தான், கட்டம், பட்டியல் என்று சரிபார்த்து வைத்த நாற்பத்தொரு துண்டுகள் உண்டு. அவற்றை மட்டும்தான் எடுத்துக் கோக்கலாம். குழந்தைக்கு மரக்கட்டைகளைக் கொடுத்துக் கத்தியைக் கொடுக்காமல் இருக்கிற மாதிரி. அந்தத் துண்டுகளுக்குக் காவல் யொன்ஹீ. புதிதாக ஒன்று சேர வேண்டுமானால் டீம் லீடர் ஒருவர், அவள் ஒருவர், இரண்டு ஒப்புதல் வேண்டும். வெற்றுப் பலகை என்பது தொதாம் இஷ்டத்துக்கு எதையும் எழுதி வரையக்கூடிய துண்டு. பார்க்க அழகாக இருக்கும், செலவு குறையும், மேலே இருப்பவர்களுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. அதைச் சுற்றி ஒரு கூண்டு கட்டாமல், அதற்குள் எழுதியது வெளியே கைநீட்ட முடியாதபடி அடைக்காமல் தரமாட்டேன் என்று யொன்ஹீ மூன்று தடவை திருப்பி அனுப்பியிருந்தாள்.

"சார், கூண்டு இன்னும் முடியல. ரெண்டு வாரம் ஆகும்."

"தெரியாமலா? வெள்ளிக்கிழமை சேர்மன் பாக்க வரார். இப்ப அழுத்து, கூண்ட அடுத்த வாரம் கட்டிக்கலாம். முதல்ல செய், அப்பறமா சொல்லு. நம்ம ஆபீஸ்ல எது அப்படி நடக்கல?" குரலைத் தணித்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கெல்லாம் நாங்க வந்துடறோம். கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை எல்லாம் சொல்லிட்டேன். அம்மாவ எதுக்கும் கவலப்பட வேணாம்னு சொல்லு."

இரண்டு பேச்சுக்கும் நடுவே அவர் மூச்சுகூட விடவில்லை. அவர் அப்படி உத்தேசித்துச் சொன்னாரா, வாயில் வந்த வரிசையில் சொன்னாரா, யாருக்குத் தெரியும். துக்க வீட்டில் வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத ஊர். யொன்ஹீ அழுத்தினாள். கட்டைவிரலில் ஊதுபத்திச் சாம்பல் ஒட்டியிருந்ததால் போன் முதலில் ரேகையை ஏற்கவில்லை. உடையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

மறுநாள் சொன்னபடி வந்தார்கள். ஆபீஸ் வழக்கம் அங்கேயும் விடவில்லை. பதவி வரிசையில் நின்றார்கள். டொக்சு முன்னால் இடப்பக்கம், அவருக்கு எதிரே மேனேஜர், கடைசியில் போன வருடம் சேர்ந்தவன். தகனக்கூடத்தின் ஏற்றத்தில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தபோது டொக்சு பல்லைக் கடித்துக்கொண்டு தோளைக் கொடுத்து நிமிர்த்தினார். அப்பா ஆட்டம் காணாமல் போய்ச் சேர்ந்தார். ஒரு வாரத்துக்கு அந்தத் தோள் வீங்கியிருந்தது என்று கேள்விப்பட்டு, அம்மா வலிக்கு ஒட்டும் பட்டைகளும் ஒரு பெட்டி பேரிக்காயும் அனுப்பினாள்.

லீவு முடிந்து யொன்ஹீ திரும்பியபோது பலகை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டிருந்தது. கூண்டு முடியும்வரை மூடி வையுங்கள் என்று கேட்டாள். "சேர்மனே கை தட்டினத மூடச் சொல்றியா? நல்லா இருக்கு கத" என்று சிரித்தார் டொக்சு. பத்தாம் நாள் நடக்கவேண்டியது நடந்தது. எவனோ ஒருவன் கார் பழுதுபார்க்கும் கடை ஒன்று தரும் ரசீதுகளில், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாகச் சில வரிகளைப் புகுத்தியிருந்தான். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, தொதாமுக்குத் தெரியும். வாடிக்கையாளர்கள் அனுப்பிய ரசீதைப் படித்த தொதாம் அதில் சொன்னபடியே, வெற்றுப் பலகையில், நிறுவனத்தின் சொந்தத் திரை மாதிரியே ஒன்றை வரைந்து வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்டது. தட்டிய எழுத்துகள் நேராக அவனிடம் போயின. பதினேழு பேர் கொடுத்துவிட்டார்கள். சலவைக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணின் போன் பேச்சை யொன்ஹீ ஹெட்போனில் கேட்டாள். "வேற யாராவது கேட்டா குடுத்திருப்பேனா? உங்காளு கேட்டுச்சு. போன வருஷம் எங்க வீட்டுக்காரர் செத்தப்ப அதுதான பொறுமையா ஒவ்வொண்ணா கேட்டு எழுதிக் குடுத்துச்சு" என்றாள் அந்தப் பெண். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

விசாரணை என்று அறிவித்த அன்று டொக்சு அவளை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். குளிர்ந்த நூடுல்ஸ் வந்தது. அவளுடையதைக் கடையில் கொடுத்த கத்தரிக்கோலால் அவரே நறுக்கிக் கொடுத்தார்.

"சரிபாத்துட்டுதான் அழுத்தினேன், ஏதோ கண்ணு தப்பிடுச்சுன்னு சொல்லு. மனுஷ ஜென்மம்தான, தப்பறதுதான்."

"அப்படிச் சொன்னா எனக்கு வேல போயிடும் சார்."

"துக்கக் கூடத்துல வெச்சு நான் அழுத்த வெச்சேன்னு சொன்னா எனக்குப் போயிடும். எனக்கு அம்பது வயசு, யொன்ஹீ. உனக்கு வெளிய எங்க வேணா கெடைக்கும். எனக்குக் கடைசில கோழி வறுக்கிற கட வெக்கிறதுதான் வழி." கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். "நான் சொல்லிக் காட்டல. அத மட்டும் தப்பா நெனச்சுக்காத."

எதைச் சொல்லிக் காட்டவில்லை என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. கொடுத்த தோளைத் திருப்பிக் கொடுக்க ஏதாவது வழி இருந்திருந்தால் அன்றைக்கே கொடுத்துத் தொலைத்திருப்பாள். வீட்டில் அம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். "அந்த மனுஷன் இல்லேன்னா உங்கப்பா வாசல்லயே கெடந்திருப்பார். அவர் வயித்துல அடிச்சுட்டு நீ எந்த மூஞ்சியோட உங்கப்பா போட்டோ முன்னாடி நிப்ப?" என்றாள். சலவைக் கடைப் பெண்ணைப் பற்றி யொன்ஹீ சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டாள். பாவம் என்றாள். அதற்குமேல் அவளிடம் ஒன்றும் இல்லை.

விசாரணை அறை பன்னிரண்டாவது மாடியில், கண்ணாடிச் சுவரோடு இருந்தது. தணிக்கைப் பிரிவின் மா ஹேரின், அவளைவிடப் பத்து வயது சின்னவள், லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இப்பல்லாம் வாக்குமூலத்த நாங்க எழுதிக்கறதில்ல அக்கா. நாங்க கேட்டா பாரபட்சம்னு சொல்றாங்க. தொதாமே கேக்கும், நீங்க சொல்லச் சொல்ல அதுவே படிவம் போடும். பயப்படாதீங்க, பழைய நாப்பத்தொரு துண்டுதான். பலகைய எடுத்தாச்சு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அடுத்து வரும் தன் முறைக்காக டொக்சு காத்திருந்தார். கையில் இரண்டு காகிதக் கோப்பைக் காபி. ஒன்று அவளுக்காக இருக்கும். அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

திரையில் தொதாம் வணக்கம் சொல்லி, ஒப்புதல் அளித்தது நீங்கள்தானா என்று கேட்டது. ஆம், இல்லை, இரண்டு பொத்தான்கள். ஆம். அளிக்குமுன் சரிபார்த்தீர்களா? காதில் சலவைக் கடைப் பெண்ணின் குரல். ஹேரின் நாசூக்காக ஜன்னல் பக்கம் பார்த்தாள். யொன்ஹீ இல்லை என்பதை அழுத்தினாள். அழுத்தியதும் உண்மையையும் டொக்சுவுக்குப் பட்ட கடனையும் பங்கு பிரித்துவிட்ட மாதிரி கொஞ்சம் ஆசுவாசமாகக்கூட இருந்தது. சரிபார்க்கவில்லை, தப்பு என்னுடையது, அதோடு நிற்கட்டும், வேலை போனால் போகட்டும் என்று அவளாக ஒரு கோடு போட்டுக்கொண்டாள். அப்போது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டு, முப்பது எழுத்துக்கு ஒரு கட்டம் வந்தது. அதில் பொய் சொல்லக் கை வரவில்லை. அப்பாவின் துக்கக் கூடம் என்று அடித்தாள்.

திரை ஒரு நொடி வெளுத்தது. பிறகு தொதாம் எழுதியது: தங்கள் தந்தையாரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். இந்த நேரத்தில் இதைக் கேட்க நேர்வதற்கு மன்னிக்கவும். தங்கள் வசதிக்காக, அந்தத் துக்கத்துக்காக விடுப்பு எடுத்து வந்திருந்த தங்கள் டீம் ஊழியர்களின் பட்டியலை எடுத்து வைத்திருக்கிறோம். ஒப்புதல் அளித்தபோது தங்கள் அருகில் இருந்தவர் யார்?

கீழே ஆறு பெயர்கள். தொதாம் அவற்றைப் பதவி வரிசையில் அடுக்கியிருந்தது, பெட்டியைச் சுமந்து நின்ற அதே வரிசை. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு வெற்று வட்டம். ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் போக முடியாது. யாரும் எதையும் மழுப்பிவிட்டுப் போகக் கூடாதென்று அந்தத் துண்டை அப்படிச் செய்து வைத்தவள் யொன்ஹீதான். கண்ணாடிக்கு வெளியே டொக்சு, இரண்டு கோப்பைகளையும் ஒரே கையில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.